பெட்டிக்குக் கிடைத்த இடம்

பயணச்சீட்டுக்கு உரிய கட்டணத்தைச் செலுத்திவிட்ட ஒருவருக்குப் பேருந்தில் எவ்வளவு இடம் உரியது? அவர் உடல் அமரும் இடம் மட்டுமா? அல்லது அவர் கொண்டுவரும் பெட்டிகளுக்கும் சேர்த்தா? அந்தப் பெட்டி பிடித்துக்கொள்ளும் இடத்தில் இன்னொரு மனிதர் நின்றிருக்கக் கூடுமானால், நியாயம் யார் பக்கம்? அறநூல்களைப் புரட்டிப் பார்க்கும் அளவுக்கு இது பெரிய கேள்வியன்று என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். கடற்பயணம் ஒன்றை முடித்துக்கொண்டு வில்லியனூருக்குத் திரும்பிய ஒரு மாலைப்பொழுது அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது.

பெரிய பயணிகள் கப்பல் கரையை ஒட்டி நிற்கத்தக்க ஆழமான துறை புதுவைக்கு என்றும் வாய்த்ததில்லை. 2022 ஜூன் 4 அன்று சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பலின் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது. அது புதுவைக் கடலுக்கு வந்தபோது, சூதாட்டக்கூடம் உள்ள கப்பல் நம் கரைக்கு வேண்டாம் என்ற எதிர்ப்பு எழுந்தது. பயணிகள் இறங்க அப்போது இசைவு கிடைக்கவில்லை. ஆகவே, எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டையொட்டிப் பிள்ளைகள் ஏற்பாடு செய்து கொடுத்த கடற்பயணத்துக்குச் சென்னைத் துறைமுகம் வரை சென்றே கப்பலேறினோம்.

கப்பலில் எங்களை வியப்பில் ஆழ்த்தியது கடலைவிட எங்கள் பெட்டிகள்தாம். பயணியர் முனையத்தில் ஒரு சீட்டை ஒட்டி வாங்கிக்கொண்டார்கள். சில மணி நேரத்துக்குப் பின் அவை எங்கள் அறை வாயிலில் வந்து நின்றன. யார் தூக்கினார், எத்தனை படிகள் ஏறினார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. இரண்டு இரவுகள் தங்குவதற்கு இரண்டு பெரிய சக்கரப் பெட்டிகள், ஒரு தோள்பை. இரவு விருந்துக்கென எடுத்துச் சென்ற பட்டுப்புடவையும் கோட்டும் மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பின. சுமப்பவர் கண்ணில் படாதபோது சுமையின் கனமும் கருத்தில் படுவதில்லை.

துறைமுக வாயிலுக்கு வெளியே அந்தக் கனம் உடனே புலப்பட்டது. வாடகைக் கார் கேட்ட தொகை எங்களுக்கு மிகுதியாகத் தோன்றியது. வாழ்நாளெல்லாம் பேருந்தில் போனவர்கள்தாமே என்று சொல்லிக்கொண்டு கடற்கரை ரயில் நிலையத்துக்கு நடந்தோம். மின்சார ரயிலில் வண்டலூர். அங்கிருந்து, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம். பிறகு திண்டிவனம் வழியாகப் புதுவை. பெட்டிக்குச் சக்கரம் பொருத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது 1972இல். தலைச்சுமையிலிருந்து பலரை விடுவித்த நல்ல கண்டுபிடிப்புதான். ஆயினும் அது ஒரு மயக்கத்தையும் தந்திருக்கிறது: நம்மால் தூக்க இயலாததையும் இழுக்க இயலும்; இழுக்க இயன்றதால் அது நம் ஆற்றலுக்கு உட்பட்டது என்று நம்பிவிடுகிறோம். நடைமேம்பாலத்தின் முதல் படியிலேயே அந்த நம்பிக்கை நொறுங்கியது. முன்பின் அறியாத ஓர் இளைஞர் ஒன்றும் கேளாமல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். நன்றி சொல்வதற்குள் கூட்டத்தில் மறைந்துபோனார்.

புதுவைப் பேருந்து நிலையத்தை அடைந்தபோது மாலையாகிவிட்டது. வில்லியனூருக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர். வேலை முடிந்து திரும்புவோரும் மாணவர்களுமாகக் கூட்டம் நெருக்கியது. நாங்கள் ஏறிய வண்டியின் நடத்துநர் எங்கள் முதுமையைக் கண்டு இரக்கம் கொண்டார். பெட்டிகளைத் தம் கையாலேயே வாங்கி முன்வாயிலுக்கு அருகே அடுக்கி வைத்தார். சுமைக்கட்டணம் கேட்டார், கொடுத்தோம். இரண்டு இளம்பெண்கள் எழுந்து எங்களுக்கு இருக்கை தந்தனர்.

வண்டி புறப்படும் தறுவாயில் ஒரு மீன்கார அம்மாள், ஐம்பது வயதைக் கடந்தவர், அலுமினியப் பாத்திரத்தைச் சாக்கால் மூடி இடுப்பில் அணைத்தபடி முன்படியில் கால் வைத்தார். மாலைச் சந்தைக்குப் போகிறார் என்று தெரிந்தது. நடத்துநர் கையை நீட்டித் தடுத்தார். "இடமில்லம்மா, அடுத்த வண்டியில வா."

அந்த அம்மாள் எங்கள் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "பொட்டிக்கு எடம் இருக்கு, எனக்கு இல்லியா?" என்று கேட்டார். குரலில் சினம்கூட இல்லை. பதில் வருமென்று காத்திருக்கவும் இல்லை. காலை எடுத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது.

நாங்கள் பேசவில்லை. ஒரு பெட்டியை மடிமேல் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். இன்னொன்றைக் காலுக்கிடையில் இடுக்கியிருக்கலாம். ரெட்டியார்பாளையம், மூலக்குளம், அரும்பார்த்தபுரம் என்று ஊர்கள் கடந்துகொண்டிருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அமர்ந்திருந்தோம்.

வீடு வந்தபின் மனம் வழக்கம்போல் வாதங்களைத் தேடியது. தடுத்தவர் நடத்துநர், நாங்கள் அல்லோம். பெட்டிக்கும் கட்டணம் செலுத்தினோம். முதலில் ஏறியவர்களும் நாங்களே. இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. ஆனால் மூன்றையும் அடுக்கி வைத்த பிறகும் அந்தக் கேள்வி படியிலேயே நின்றுகொண்டிருந்தது.

முதலில் வந்தவருக்கே உரிமை என்னும் வாதம் மிகப் பழையது. உரோமை அறிஞர் சிசரோ ஸ்தோயிக்கரின் கருத்தாக ஓர் உவமையை எடுத்துரைக்கிறார்: நாடக அரங்கு எல்லாருக்கும் பொது, ஆயினும் ஒருவர் அமர்ந்துவிட்ட இருக்கையை அவருடையது என்றே கொள்ள வேண்டும். தனியுடைமைக்கு அவர்கள் கண்ட நியாயம் இது. நான்காம் நூற்றாண்டில் செசரியா நகர் ஆயராயிருந்த புனித பெரிய பசிலியார் இதே அரங்கை வேறொரு கோணத்தில் காட்டினார். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாக்க நினைத்த செல்வனைப் பற்றிய நற்செய்தி உவமையை விளக்குகையில், பேராசைக்காரரை அரங்கில் முந்திச் சென்று அமர்ந்துகொண்டு பின்னால் வருவோரைத் தடுக்கும் மனிதருக்கு ஒப்பிட்டார். பொதுப்பயனுக்கானதை முந்தி வந்ததாலேயே தனதாக்கிக்கொள்கிறார் என்பது அவரது குற்றச்சாட்டு. முந்தையவர்கள் அமர்ந்திருப்பவரைப் பார்த்தார்கள். பசிலியார் வாயிலில் நிற்பவரைப் பார்த்தார். மண்ணுலகச் செல்வங்கள் மாந்தர் அனைவரின் பயனுக்காகவே படைக்கப்பட்டன என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் கற்பித்தபோது, இந்தப் பழைய குரலையே நமக்கு மீட்டுத் தந்தது.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். மீன் நாற்றம் பிற பயணிகளுக்குத் தொல்லையன்றோ? உண்மைதான், நெரிசலில் அது துன்பமே. ஆனால் எங்கள் பெட்டிகளின் கூரிய விளிம்பு பலரது முழங்காலைப் பதம் பார்த்தது; அதை எவரும் குற்றமாகச் சொல்லவில்லை. எல்லாச் சுமையும் பிறருக்கு இடையூறே. எந்த இடையூற்றைப் பொறுத்துக்கொள்வது, எதைப் பொறுக்க மறுப்பது என்பதில்தான் நம் மதிப்பீடுகள் வெளிப்படுகின்றன. எங்கள் பெட்டியில் இருந்தது உடுத்தாத பட்டு; அவர் பாத்திரத்தில் இருந்தது அன்றைய சோறு. தேவையின் தராசில் வைத்திருந்தால் எது கீழே இறங்கியிருக்க வேண்டும்?

இது ஒரு வண்டியில், ஒரு மாலையில் நேர்ந்தது மட்டுமன்று. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் நாற்றம் வீசுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காட்சியை நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டனம் தெரிவித்தார். பணியாளர் மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அதே ஆண்டு கேரள அரசு, திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் மகளிருக்காகச் 'சமுத்ரா' என்னும் கட்டணமில்லாப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியிருந்தது. தனிப்பேருந்து நல்ல உதவியே. எனினும் அது மட்டுமே விடையாகிவிட்டால், ஒரே வண்டியில் அருகருகே நிற்க நாம் கற்றுக்கொள்ளாமலே போய்விடுவோம்.

நம் மண்ணின் வரலாறு இந்த நிகழ்ச்சியை இன்னும் கூரியதாக்குகிறது. முற்காலத்தில் கப்பல்கள் புதுவைக்கு எதிரே கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. அலைமோதும் கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவை சலங்குப் படகுகள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தோர் அந்தச் சொல்லை அறிவர். ஆளுநரின் பெட்டியாயினும் மறைப்பணியாளரின் பெட்டியாயினும், அலையை அறிந்த கடலோர மக்களின் கைகள் வழியாகவே கரை சேர்ந்தது.

வில்லியனூர்த் திருத்தலத்தில் நாம் வணங்கும் லூர்தன்னையின் திருவுருவமும் 1877இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்ததே. வழியில் அந்தப் பெட்டி கைதவறி விழுந்தும் சேதமுறவில்லை என்று நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். புதுவைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1879இல்தான். ஆகவே, துறையிலிருந்து இங்குவரை அன்னையின் பெட்டி சாலை வழியேதான் வந்திருக்க வேண்டும். பெயர் எழுதப்படாத எத்தனையோ பேர் அதைத் தாங்கியிருப்பார்கள். கடலிலிருந்து வந்த சுமைகளையெல்லாம் தாங்கிய கடலோர மக்களின் சுமைக்கு, கடலிலிருந்து திரும்பிய எங்கள் சுமையின் அருகே இடம் கிடைக்கவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை அந்த வாரத்தில் மீண்டும் படித்தோம். கைதியான பவுல் உரோமைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். புயல் தாக்குகிறது. முதலில் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். அடுத்துக் கப்பலின் தளவாடங்களை. இறுதியில், எஞ்சியிருந்த கோதுமையையும். கைதிகளைக் கொன்றுவிடலாம் என்று படைவீரர் எண்ணியபோது நூற்றுவர் தலைவர் தடுக்கிறார். கப்பல் உடைகிறது, கப்பலிலிருந்த 276 பேரும் உயிரோடு கரை சேர்கிறார்கள். புயலில் அகப்பட்டவர்கள் சுமையை இறக்கி மனிதரைக் காத்தார்கள். புயலே இல்லாத ஒரு மாலையில் நாங்கள் சுமையைக் காத்து மனிதரை இறக்கிவிட்டோம்.

அந்த அதிகாரத்தில் கப்பற்சரக்கைக் குறிக்க வரும் கிரேக்கச் சொல் 'ஃபோர்த்தியோன்'. கலாத்தியர் திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில், ஒவ்வொருவரும் தம் சுமையைத் தாமே தாங்க வேண்டும் என்று பவுல் எழுதும்போதும் அதே சொல்லே வருகிறது. ஆனால் சில வரிகளுக்கு முன், ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்க வேண்டும் என்று சொல்லும்போது அவர் கையாளும் சொல் வேறு: 'பாரோஸ்', அதாவது அழுத்தி வருத்தும் பாரம். முரண்போலத் தோன்றும் இரு அறிவுரைகளையும் இப்படி இணைத்துப் பார்க்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது: நாமே தேர்ந்து கட்டிய மூட்டை நம் பொறுப்பு, வாழ்க்கை ஒருவர் மேல் ஏற்றிவைத்த பாரம் நம் எல்லாருடைய பொறுப்பு. எங்கள் பெட்டிகள் முதல் வகை. அந்தப் பாத்திரம் இரண்டாம் வகை. அன்று எங்கள் மூட்டையைப் பிறர் தாங்கினார்கள். அவருடைய பாரத்தை எவரும் தாங்கவில்லை.

முதியவருக்கு இருக்கை தந்த இளம்பெண்களும், படியில் பெட்டி தூக்கிய இளைஞரும் செய்தது அன்புச்செயல். அதைப் பெற்றுக்கொண்டது தவறன்று. பெற்றதை அடுத்தவருக்குக் கடத்தாமல் எங்களிடமே நிறுத்திக்கொண்டதுதான் தவறு. ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் செய்த தீமையோடு செய்யத் தவறிய நன்மையையும் சேர்த்தே அறிக்கையிடுகிறோம். நெடுங்காலம் அந்தப் பகுதியை நா மட்டும் சொல்லிவந்தது. இப்போது அதற்கு ஒரு முகம் இருக்கிறது.

சில நாள் கழித்து, மாலைச் சந்தையில் அந்த அம்மாளைக் கண்டோம். மீன் வாங்கினோம். தயங்கித் தயங்கி அந்தப் பேருந்தைப் பற்றிச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "எந்த வண்டி?" என்று கேட்டார். அவருக்கு நாங்கள் நினைவில் இல்லை. அத்தகைய மாலைகள் அவருக்கு ஒன்றிரண்டல்ல என்பது அப்போதுதான் விளங்கியது. மன்னிப்பைக் கேட்டுப் பெற்று இலேசான மனத்தோடு திரும்பலாம் என்று வந்த எங்களுக்கு அந்த எளிய வழி திறக்கவில்லை.

நாம் எல்லாரும் பயணிகளே என்று அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அப்படியானால் இரண்டு வினாக்களை ஒவ்வோர் இரவும் நம் ஆன்ம ஆய்வில் சேர்த்துக்கொள்வோம்: இன்று என் மூட்டை எவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது? வாயிலில் ஒருவர் தடுக்கப்பட்டபோது உள்ளே அமர்ந்திருந்த நான் வாய் திறந்தேனா? இனி எங்கள் கைகள் தூக்கக்கூடியதை மட்டுமே எடுத்துச்செல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். அது எளிது. இன்னொருவருக்காகப் பேருந்தில் குரல் எழுப்புவது எங்களுக்கு இன்னும் கடினமாகவே இருக்கிறது. அதற்கான வலிமையை லூர்தன்னையின் திருமுன் நின்று கேட்டுவருகிறோம்.