முடிவுள்ள விளையாட்டு

"இன்னும் எத்தனை மணி நேரம் அதையே ஆடிக்கொண்டிருப்பாய்?" வீடியோ கேம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் தினமும் எழும் கேள்வி இது. கேட்கும் பெற்றோரின் கவலையில் நியாயம் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளில் சம்பாத்தியத்தைத் தொலைத்த குடும்பங்களைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அத்தகைய விளையாட்டுகளைத் தடுக்க 2022இல் மாநில அரசும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் கொண்டுவந்தன. பணம் கேட்காமல் நேரத்தை மட்டும் விழுங்கும் கேம்களும் ஏராளம். தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் நஷ்டம் என்று பழக்கிவிட்டு, முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டு போவது அவற்றின் வழி.

2025இல் கேம் ரசிகர்கள் மனதாரக் கொண்டாடிய சில கேம்களோ நேர் எதிரானவை. ஒரு முறை விலை கொடுத்து வாங்கினால் போதும். கதை தொடங்கும், வளரும், முடியும். பெரும்பாலானவை சிறு குழுக்களின் உழைப்பு. கைவசம் இருக்கும் கொஞ்ச நேரத்தை மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையே இவற்றில் சில கதைப்பொருளாக எடுத்துக்கொண்டன.

'கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' அவற்றில் முதன்மையானது. பிரான்சின் மோன்பெல்லியே நகரிலுள்ள சாண்ட்ஃபால் நிறுவனம் சுமார் முப்பது பேர் கொண்ட மையக் குழுவோடு இதை உருவாக்கியது. 2025 ஏப்ரலில் வெளிவந்து, டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது உட்பட ஒன்பது விருதுகளை அள்ளியது. கதை நடப்பது லூமியேர் என்ற நகரில். ஓவியக்காரி ஒருத்தி ஆண்டுக்கொரு முறை விழித்தெழுந்து, கடலுக்கு அப்பால் நிற்கும் பிரம்மாண்டமான கல்தூணில் ஓர் எண்ணைத் தீட்டுகிறாள். அந்த வயதுக்காரர்கள் கரைந்துபோகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்று குறைகிறது.

தொடக்கத்தில் குஸ்தாவ் என்ற இளைஞனாகத் துறைமுகம் வரை நடக்க வேண்டும். உடன் வருபவள் சோஃபி, அவன் முன்பு காதலித்தவள். குழந்தை பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதில் ஒத்துப்போகாமல் பிரிந்தவர்கள். அன்று அவளுக்குக் கடைசி நாள். தெருவெங்கும் மலர் சூடியவர்கள் உற்றார் உறவினரிடம் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். வழியில் நின்று ஊராரோடு பேசலாம், துறைமுகம் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஆனால் போகாமல் கதை நகராது. கரையில் நிற்கும்போதே சோஃபி பூவிதழ்களாக உதிர்ந்து காற்றில் போய்விடுகிறாள். அந்த இடத்தில் அழுத்துவதற்கு எந்தப் பட்டனும் இல்லை. சினிமாவில் இப்படியொரு காட்சியைப் பார்த்து அழுதுவிட்டு எழுந்துபோகலாம். இங்கே அவளை அந்தக் கரைவரை அழைத்துவந்தவர் ஆடுபவர்தான். அந்தக் கனம் வேறு.

டோண்டா ரோஸ் எட்டாண்டுகள் உழைத்து உருவாக்கிய 'ப்ளூ பிரின்ஸ்' ஒரு நாளின் அளவைக் கற்றுத்தருகிறது. நாற்பத்தைந்து அறைகள் கொண்ட மாளிகையில் நாற்பத்தாறாவது அறையைக் கண்டுபிடித்தால் சொத்து வாரிசுக்கு. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் அடுத்து என்ன அறை வரலாம் என்று மூன்று வரைபடங்கள் காட்டப்படும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடக்கும் அடிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. அது தீர்ந்தால் அன்றைய நாள் முடிந்தது. மறுநாள் காலையில் மாளிகை மறுபடி வெறுமையாக நிற்கும். சேர்த்த பொருள்களில் அநேகமும் போய்விடும். தெரிந்துகொண்டது மட்டும் போகாது. அதனால்தான் இதை ஆடியவர்களின் மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருந்தன.

தோல்வியை எப்படித் தாங்குவது என்பதை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துச் சிறு குழுவான டீம் செர்ரியின் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' காட்டியது. 2019இல் அறிவிக்கப்பட்டு 2025 செப்டம்பர் 4 அன்று வந்தபோது, வாங்க முண்டியடித்த கூட்டத்தில் இணையக் கடைகளே திணறின. கடினமான கேம். விழுந்தால் கடைசியாக ஓய்வெடுத்த பெஞ்சிலிருந்து மறுபடி நடக்க வேண்டும். எதிரி மாறுவதில்லை, ஆடுபவரின் கையும் கண்ணும்தான் மாறுகின்றன.

அப்படி விழுந்து எழுவதே வாழ்க்கையாகிவிட்டால்? 'வாண்டர்ஸ்டாப்' கேமின் நாயகி ஆல்டா, தோல்வியே அறியாத வீராங்கனை. திடீரென்று தோற்கத் தொடங்குகிறாள். இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தால் சரியாகும் என்று ஓடி, ஒரு காட்டில் மயங்கி விழுகிறாள். அவளால் வாளைத் தூக்க முடியவில்லை. அங்கே போரோ என்பவரின் தேநீர்க் கடையில் இலை பறித்து, உலர்த்தி, வருகிறவர்களுக்குத் தேநீர் போட்டுத் தருகிறாள். எந்த வேலைக்கும் கெடு கிடையாது. ஒன்றுமே செய்யாமல் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடிக்கவும் இடமுண்டு. சும்மா உட்கார அவள் படும் பாடு, அலுவலகத்தையும் லேப்டாப்பில் வீட்டுக்குத் தூக்கிவரும் தலைமுறைக்கு நன்றாகவே புரியும்.

'டெஸ்பெலோட்டே' ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2001ஆம் ஆண்டு, ஈக்வடாரின் கீட்டோ நகரம், எட்டு வயதுப் பையன் ஒருவன், ஒரு கால்பந்து. பொருளாதார நெருக்கடியில் சொந்த நாணயத்தையே கைவிட்டு டாலருக்கு மாறிய நாடு, முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதிபெறத் துடித்துக்கொண்டிருக்கிறது. பையன் பூங்காவில் பந்தை உதைக்கிறான், பெரியவர்களின் பேச்சு அரைகுறையாகக் காதில் விழுகிறது, அம்மா சொன்ன நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும். நூறு மணி நேரம் ஓடும் கேம்கள் பல தராத நிறைவை இது தந்துவிடுகிறது.

இவற்றை வைத்துப் பார்த்தால் மணிக்கணக்கு மட்டும் நல்ல அளவுகோல் ஆகாது. முப்பது மணி நேரம் எடுத்துக்கொண்டு மரணத்தைப் பற்றி ஒருவரை யோசிக்க வைத்த கேமையும், மூன்றே நிமிடம் என்று தொடங்கி மூன்று வருடம் கட்டிப்போடும் கேமையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம். முடிவு என்ற ஒன்று இருந்தால்தான் ஆடியதை அசைபோட முடியும். முடிவில்லாத கேமில் நாளைய பரிசைப் பற்றிய நினைப்பு தவிர மிஞ்சுவது அதிகமில்லை.

சேர்ந்து ஆடுவதற்கென்றே வந்த கேம்களும் உண்டு. சுவீடனின் ஹேஸ்லைட் நிறுவனம் 2025 மார்ச்சில் வெளியிட்ட 'ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன்' கேமைத் தனியாக ஆடவே முடியாது. ஒருவர் வாங்கினால் இன்னொருவர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். கேமையே தொட்டறியாத அம்மாக்களுக்கு 2023இல் வந்த 'வெண்பா' நல்ல தொடக்கம். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அழிந்தும் கிழிந்தும் போன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். இதில் பிள்ளையைவிட அம்மாவுக்குத்தான் கை முந்தும்.

பெற்றோர் தங்கள் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். என்ன கேம், யார் செய்தது, அதில் என்ன நடக்கிறது, அதற்கு முடிவு உண்டா, ஆட ஆடப் பணம் கேட்கிறதா? பதில்களைக் கேட்ட பிறகு கட்டுப்பாடு போட வேண்டியிருந்தால் போடுங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது கண்ட்ரோலரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.