சிந்தனைத் துளி: உள்ளங்கை ஜீவன்

2022 ஜனவரியில், ஹாங்காங்கின் செல்லப்பிராணிக் கடையொன்றில் ஹாம்ஸ்டர் எலிகளுக்குக் கொரோனா கண்டதை முன்னிட்டு, ஏறத்தாழ 2,000 சிறு பிராணிகளைக் கொன்றுவிட அரசாங்கம் தீர்மானித்து, முந்திய டிசம்பர் 22 முதல் ஹாம்ஸ்டர்களை வாங்கியவர்களெல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமென்று அறிவித்தபோது, கன்னப்பைகளில் தானியத்தை அடக்கிக்கொண்டு உள்ளங்கையிலேயே உறங்கிவிடும் அந்த ஜீவனைக் கொடுக்க மனமின்றித் தவித்த குடும்பங்கள் பல. கைவிடப்படுபவற்றை ஏற்று வளர்க்க முன்வந்தோரோ ஆயிரக்கணக்கானோர். எலியிடமிருந்து மனிதருக்குத் தொற்றியதை விஞ்ஞானிகள் பின்னர் மரபணுச் சோதனையால் உறுதிப்படுத்தினார்கள். ஆதலால் அரசாங்கத்தின் அச்சம் ஆதாரமற்றதென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், நோயுற்ற மனிதரை ஓர் அறையில் ஒதுக்கி வைத்து, வேளைதோறும் கஞ்சி கொடுத்துத் தேற்றிய அதே வீட்டில், ஒரு கூண்டைச் சில வாரம் தனித்து வைக்க இடமில்லாமலா போயிற்று? நெதர்லாந்திலிருந்து ஆகாய மார்க்கமாகத் தருவித்து, விலை வைத்து விற்க அனுமதித்த அதிகாரிகள், பரிசோதனையையும் தனிமைவாசத்தையும் முதலில் விதித்து, அவையும் பயன்படாதபோது மட்டுமே மரணத்தை நினைத்திருக்க வேண்டும்; விற்பனைப் பண்டத்துக்குரிய சட்டம், பெயரிட்டு அழைக்கப்படும் பிராணிக்குப் போதாது.