தைக்கப்பட்ட இமை

1958, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் மயக்கத்தில் இருக்கும் ஒரு பூனையின் பார்வைப் புறணிக்குள் மின்முனையைச் செருகி, ஒரே ஒரு நியூரானின் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிச் சில்லில் இருக்கும் கறுப்புப் புள்ளியைக் காட்டிக் காட்டிப் பார்க்கிறார்கள். மணிக்கணக்கில் ஒன்றுமில்லை. சில்லை மாற்றும்போது அதன் விளிம்பு நிழல் ஒரு கோடாக விழித்திரையில் நகர்கிறது. நியூரான் சரவெடி போல வெடிக்கிறது. அது காத்திருந்தது புள்ளிக்கு அல்ல, கோட்டுக்கு.

இந்தக் கதையை எல்லாரும் ரசிச்சுச் சொல்வாங்க. ஆபீஸில் புதுசா சேர்ந்தவங்களுக்குக் கன்வொலூஷனல் நெட்வொர்க்கை விளக்கும்போது நானும் சொல்லியிருக்கேன். 1980இல் ஃபுகுஷிமா வெளியிட்ட நியோகாக்னிட்ரானுக்கு இவர்களின் மாதிரிதான் தூண்டுதல். நம் போன் முகத்தை அடையாளம் காண்பதன் பூர்வீகத்தில் ஒரு பூனை இருக்கு.

அடுத்த கதையை அப்படி ரசித்துச் சொல்ல முடிவதில்லை. ஹார்வர்டுக்கு வந்தபின் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையை, கண் திறக்கும் பருவத்திலேயே தைத்துவிட்டார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பிரித்தபோது கண் நன்றாகவே இருந்தது. ஆனால் புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் ஏறக்குறைய இல்லை. குட்டிக்கு அந்தக் கண் குருடு. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தால் ஒன்றும் ஆவதில்லை. 1963இல் இது கட்டுரைகளாக வந்தது. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு.

பிறவிக் கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கு இன்று சில வாரங்களுக்குள் அறுவைசிகிச்சை செய்ய அவசரப்படுகிறார்கள் என்றால், அதற்கு அந்தக் குட்டிகளும் காரணம். "அப்ப சரிதானே?" என்று கேட்டால் என்னால் உடனே தலையாட்ட முடியவில்லை. எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை குட்டிகள் என்ற கணக்கில் குட்டிகளின் பக்கம் கையெழுத்துப் போட ஆள் இல்லை. பலன், செய்து முடித்த பிறகு தெரிந்தது. தையல் போட்ட அன்று இருந்தது ஒரு கேள்வி மட்டுமே. நல்ல கேள்விதான். தாமதமாகக் கண்புரை நீக்கியவர்களுக்கு ஏன் பார்வை சரியாக வருவதில்லை என்று மருத்துவர்களே அதற்கு முன்பு குழம்பியிருந்தார்கள். ஆனாலும் கேள்வி நல்லதாக இருப்பது வேறு, அதைக் கேட்கும் உரிமை வேறு. நான் அந்த அறையில் இருந்திருந்தால் தடுத்திருப்பேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குட்டிகள் சொன்னதை நாம் கொஞ்சம் கூடுதலாகவே நம்பிவிட்டோம். குறிப்பிட்ட வயது தாண்டினால் அவ்வளவுதான், ஆபரேஷன் செய்தும் பிரயோஜனமில்லை என்ற எண்ணம் ஊறிப்போனது. எம்ஐடியின் பவன் சின்ஹா, பிராஜெக்ட் பிரகாஷ் வழியாக, பிறவியிலேயே பார்வையில்லாத இந்தியச் சிறுவர்களுக்கு அந்த வயதுக்குப் பிறகும் சிகிச்சைக்கு வழிசெய்து, அவர்கள் பார்க்கக் கற்பதைப் பின்தொடர்ந்தார். கூர்மை முழுசாக வரவில்லை. ஆனால் பலர் பார்க்கத் தொடங்கினார்கள். முதலில், கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண முடியாமல் திணறியவர்கள்கூட நாட்கள் போகப்போகத் தேறினார்கள்.

அந்தக் குட்டிகள் பொய் சொல்லவில்லை. நாம்தான் அவற்றின் வாயில் கூடுதலாக ஒரு வாக்கியத்தை வைத்தோம். அதனால் எத்தனை பிள்ளைகளை "லேட் ஆயிடுச்சு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்பதை அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?