இல்லை என்பதற்கு ஆகும் நேரம்

பைதான் திறந்திருக்கிறது. ‘மழை’ என்று தட்டுகிறேன். பைட்டுகளாகக் கேட்கிறேன். ஒன்பது எண்கள்.

224, 174, 174. இது ம.

224, 174, 180. இது ழ.

224, 175, 136. ஐகாரக் குறி.

மின்விசிறி சுற்றுகிறது. எண்களை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

*

ஒரு பைட் சாவி: 90. ஒவ்வோர் எண்ணோடும் எக்ஸ்ஆர். பிட்டுகள் ஒத்தால் 0, ஒவ்வாவிட்டால் 1. அவ்வளவுதான் விதி.

186, 244, 244, 186, 244, 238, 186, 245, 210.

மழையைக் காணவில்லை. 186 மட்டும் மூன்றுக்கு ஒருமுறை வந்துபோகிறது. முகத்தை மூடிக்கொண்டவரின் நடை தெரிகிறது.

தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 224-இல் தொடங்கும். 186-ஐ 224-உடன் எக்ஸ்ஆர் செய்கிறேன்.

90.

*

ஒன்பதாம் நூற்றாண்டு, பாக்தாத். அல் கிந்தி, எவரோ மறைத்து எழுதிய தாளில் எழுத்துகளை எண்ணுகிறார். எது அடிக்கடி வருகிறது, எது அரிதாக வருகிறது.

எண்ணுவது மெதுவான வேலை. நிரல் அதை நொடிக்குள் முடித்துவிடுகிறது. முடிந்த பிறகும் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

சாவியை நீட்டுகிறேன். செய்தி எவ்வளவு நீளமோ அவ்வளவு. எல்லாம் தற்செயல் எண்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்த.

இப்போது எதுவும் திரும்பி வரவில்லை. அதே நீளமுள்ள எந்தச் செய்தியும் உள்ளே இருக்கலாம். 1949-இல் கிளாட் ஷானன் இதை நிரூபித்து வெளியிடுகிறார்: எவ்வளவு கணக்குப் போட்டாலும் உடையாது.

திரையில் எண்கள். அவற்றிடம் கேட்க எதுவும் இல்லை.

*

அதே சாவி, இரண்டாவது செய்தி.

இரண்டு மறையீடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து எக்ஸ்ஆர். சாவி சாவியோடு சேர்ந்து காணாமல் போகிறது. செய்தியும் செய்தியும் எதிரெதிரே நிற்கின்றன.

ம இருந்த இடத்தில் ழ. 0, 0, 26.

பூஜ்யங்கள் வரிசையாகத் தெரிகின்றன. 26 மட்டும் எதையோ சொல்ல வருகிறது.

*

1942. போரின் நெருக்கடியில் சோவியத் தரப்பு சாவிப் பக்கங்களில் சிலவற்றை இருமுறை அச்சடிக்கிறது. 1943-இல், வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் ஹாலில் அமெரிக்கர்கள் அந்தப் பக்கங்களால் மறைத்த தந்திகளோடு உட்காருகிறார்கள். வெனோனா என்று பின்னாளில் அந்த வேலைக்குப் பெயர். பல ஆண்டுகள் நீள்கிறது. அதிகாரபூர்வமாக வெளியாவது 1995-இல்.

எவரோ எங்கோ அச்சு இயந்திரத்தில் ஒரு தாளைக் கூடுதலாக ஓட்டுகிறார். அவர் கைகளை நினைத்துக்கொள்கிறேன்.

*

ஏஇஎஸ் என்ற மறையீட்டு முறை. 128 பிட் சாவிக்குப் பத்துச் சுற்றுகள். ஒரு கட்டத்துக்கு 16 பைட்.

‘ம’ என்று மட்டும் இடைவெளி விடாமல் தட்டுகிறேன். ஓர் எழுத்துக்கு மூன்று பைட். 16 மூன்றால் வகுபடாது. ஐந்து ம முழுதாக உட்கார்ந்தபின் ஆறாவது உடைந்து அடுத்த கட்டத்துக்குள் வழிகிறது.

ஈசிபி முறையில், ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே மறைக்கிறேன். முதல் கட்டம், இரண்டாவது, மூன்றாவது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மாதிரி.

நான்காவது வருகிறது. முதல் கட்டமேதான். எழுத்துக்கு எழுத்து.

பத்துச் சுற்றும் பழுதில்லாமல் ஓடியிருக்கின்றன.

*

சிபிசி முறையில் ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தைய மறையீட்டைக் கலந்துகொள்கிறது. திரும்ப வருவது நின்றுவிட்டது.

கடைசிக் கட்டத்தில் நான்கு பைட் குறைந்தால் 4, 4, 4, 4 என்று நிரப்ப வேண்டும். குறையே இல்லாவிட்டால் 16 என்ற எண்ணால் முழுதாக இன்னொரு கட்டம்.

பிரித்துப் பார்ப்பவர் நிரப்பியது சரியா என்று பார்க்கிறார். சரி என்கிறார், அல்லது தவறு என்கிறார். வேறொன்றும் சொல்வதில்லை.

செய்தியை வெளியே எடுக்க அது போதும். 2002-இல் செர்ஜ் வோதனே அதை எழுதிக் காட்டுகிறார்.

முந்தைய கட்டத்தின் கடைசி பைட்டை மாற்றி மாற்றி அனுப்புகிறேன். தவறு. தவறு. தவறு. சரி. ஒரு பைட்டுக்கு 256 வாய்ப்புகள், 16 பைட்டுக்கு 4,096. சாவியை நேராகத் தேடப் போனால் 2-இன் 128-ஆம் அடுக்கு.

செய்தி வாலிலிருந்து தலைக்கு வெளிவருகிறது. சாவி எதுவென்று இப்போதும் தெரியாது.

மூச்சு எப்போதோ நின்றிருக்கிறது. விடுகிறேன்.

*

இந்தப் பைட்டுகளுக்குள் எவருடைய மருத்துவ அறிக்கையும் இருக்கலாம். அம்மாவுக்கு அனுப்பிய இரண்டு வரி இருக்கலாம். பயிற்சிக்கு நானே எழுதிய செய்திதான் இது. இருந்தும் படிக்கும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

*

இரண்டு கையொப்பங்களை ஒப்பிடும் நிரல். முதல் பைட் பொருந்தாவிட்டால் உடனே ‘இல்லை’ என்கிறது. முதல் பைட் பொருந்தினால், இரண்டாவதைப் பார்த்து, அது பொருந்தாவிட்டால் ‘இல்லை’ என்கிறது.

இரண்டு ‘இல்லை’க்கும் நடுவே மிகச் சிறிய பொழுது. பால் கோச்சர் 1996-இல் இப்படிப்பட்ட பொழுதுகளை அளந்து சாவிகளை எடுக்கிறார்.

பல முறை கேட்கிறேன். சராசரி எடுக்கிறேன். எண்கள் ஆடுகின்றன, பிறகு மெல்லப் பிரிகின்றன.

இதைத் தடுக்கப் பைதானில் வேறொரு செயற்கூறு உண்டு. வேறுபாடு முதலிலேயே தெரிந்தாலும் கடைசி வரை நடந்துவிட்டுத்தான் பதில் சொல்லும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுகிறேன். இரண்டாவதில் எண்கள் ஆடிக்கொண்டே இருக்கின்றன.

*

டிஃபி, ஹெல்மன். 1976. எல்லோர் முன்னும் பேசியே இருவர் ஒரே சாவிக்கு வரும் வழி.

எல்லோரும் அறிந்த எண்கள் 23, 5. ஒருவர் மனத்தில் 4. இன்னொருவர் மனத்தில் 3.

5-ஐ நான்கு முறை பெருக்கி 23-ஆல் வகுத்தால் மீதி 4. மூன்று முறை பெருக்கி வகுத்தால் மீதி 10. மீதிகளை எல்லோருக்கும் கேட்கும்படி மாற்றிக்கொள்கிறார்கள்.

ஒருவர் 10-ஐ நான்கு முறை பெருக்குகிறார். மற்றவர் 4-ஐ மூன்று முறை. மீண்டும் 23-ஆல் வகுக்கிறார்கள்.

இங்கே 18. அங்கேயும் 18. அதுவே சாவி.

காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். பிறகு 23-ஐ அழித்துவிட்டு 617 இலக்கப் பகா எண் ஒன்றை வைக்கிறேன். மற்ற வரிகளில் மாற்ற எதுவும் இல்லை.