ஆறுதலின் விலை

கைக்காசு செலவில்லாமல் செய்யக்கூடிய தருமம் ஒன்று உண்டென்றால், அது ஆறுதல் சொல்வதுதான். நானும் அந்தத் தருமத்தைத் தாராளமாகச் செய்து வந்தவன். ஒரு சமயம் நான் செய்தது தருமமா, பாவமா என்ற கேள்வி சில காலமாக என்னைத் தூங்கவிடவில்லை.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குக் காசிமேட்டிலிருந்து மீன் கொண்டு வருவாள் ஒரு பெண். அன்னக்கூடையை இறக்கி வைத்தால் பக்கத்தில் அவள் மகனும் உட்காருவான். அப்போது அவனுக்கு இரண்டரை வயது. தராசுத் தட்டைச் சுற்றிச் சுற்றி விடுவான். அது ஓயும் வரை வேறொன்றையும் பார்க்க மாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துவிட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவான்.

“ஐயா, இன்னும் அம்மான்னு ஒரு வார்த்த வரல. இன்னா பண்றதுன்னே தெரில” என்றாள் ஒரு நாள்.

“ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், அம்மா. லாரிச் சத்தம் கேட்கிறதே, காதில் கோளாறு இல்லை. என் சித்தப்பா மகன் நாலு வயதில்தான் வாய் திறந்தான். இன்று அவன் வக்கீல்!” என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அன்று கூறில் ஒரு கை காரப்பொடி அதிகமாகவே போட்டுவிட்டுப் போனாள்.

பையனுக்கு நாலு வயது தாண்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஆட்டிசம் என்றார்களாம். “இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமேன்னு டாக்டரம்மா கேட்டாங்கய்யா. எல்லாரும் பேசுவான் பேசுவான்னு சொன்னீங்களா, நானும் இருந்துட்டேன்.” அவள் குற்றம் சாட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள். அதுதான் எனக்குத் தைத்தது.

நான் சொன்னது பொய்யா? அப்படியும் இல்லை. தாமதமாகப் பேசத் தொடங்கிச் சரியாகிவிடும் குழந்தைகளும் உண்டு. ஆனால், எந்தக் குழந்தை அந்த ரகம் என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால், அது பொறுத்திருந்து பார்க்க வேண்டிய சங்கதி அல்ல. போய்க் காட்ட வேண்டிய சங்கதி. காட்டி, ஒன்றுமில்லை என்று ஆனால் நஷ்டம் ஒரு நாள் வியாபாரம். காட்டாமல் இருந்து, ஏதோ இருந்துவிட்டால் நஷ்டம் மூளை வெகு வேகமாக வளரும் ஆண்டுகள். இரண்டும் சமமா? பொறுமை உயர்ந்த குணம்தான். என் பொறுமைக்கு அந்தப் பையன் அல்லவா கூலி கொடுத்தான்!

ஆறுதல்காரர்களுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் உண்டு. “தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், பிள்ளை இப்படி ஆகிவிட்டது” என்பார்கள். இது வெறும் தெரு வம்பு அல்ல. 1943-ல் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய பிறகு, தாயின் பாசக்குறைவே காரணம் என்ற எண்ணம் மேல்நாட்டு நிபுணர்களையே பிடித்துக்கொண்டது. ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், இது உடலைச் சார்ந்தது என்று 1964-ல் மறுத்து எழுதினார். அதற்குப் பிறகும், 1967-ல், புருனோ பெட்டல்ஹைம் தாய்மேல் பழி போட்டு ஒரு புத்தகமே வெளியிட்டார். இன்று அறிவியல் ரிம்லண்டின் பக்கம் நிற்கிறது. தெரு இன்னும் பெட்டல்ஹைமை விடவில்லை. ஆறுதலும் பழியும் எதிரெதிராகத் தோன்றினாலும், இரண்டும் தாயைத் தனியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுகின்றன.

சரி, சீக்கிரமே போனால் என்ன செய்வார்கள்? மந்திரம் ஒன்றும் இல்லை. பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, அவன் பார்ப்பதைத் தாமும் பார்க்கிறார்கள். தட்டைச் சுற்றுகிறானா? அதைப் பிடித்து நிறுத்தி, அவன் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருந்து, “சுத்து” என்று சொல்லி விடுகிறார்கள். தாய்க்கும் அதையே கற்றுக் கொடுக்கிறார்கள். அவனை இன்னொரு வக்கீலாக்குவது நோக்கம் அல்ல. தாகம் எடுத்தால் சொல்லாலோ, படத்தாலோ, சைகையாலோ தண்ணீர் கேட்க அவனுக்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இது ஒரு நாளோடு முடிகிற காரியம் அல்ல. முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. காசிமேட்டுக் கூடைக்காரி வாரந்தோறும் நகரத்தைக் கடந்து அங்கே போனால் அன்றைய அடுப்பு எரியாது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் ஊழியர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கிராமத்து வாசலுக்கு வருவது எங்கள் கடற்கரைச் சந்துகளுக்கும் வர வேண்டாமா? அதைக் கேட்பதுதான் தருமம். நான் செய்தது அல்ல.

பையன் இப்போது தாயின் கையைப் பிடித்துக் குடத்தின் மேல் வைக்கிறானாம். “தண்ணி கேக்குறான்யா!” என்று சொல்லிச் சிரித்தாள்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் தன் பேரனைப் பற்றி என்னிடம் பேச்செடுத்தாள். இரண்டு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. “நாளைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்” என்றேன். “என் பேரனுக்கு என்ன குறை?” என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

கோபித்துக்கொள்ளட்டும், காட்டிவிட்டு வந்து கோபித்துக்கொள்ளட்டும்.