எட்டாம் வசனமும் ஒன்பதாம் வசனமும்

ஐரோப்பாவில் வாழும் முஸ்லிம்களுக்கு ஸூரா அல்மும்தஹினாவின் எட்டாம் வசனம் பெரிதும் கைகொடுத்திருக்கின்றது. கிறிஸ்தவ அயலவருக்கு நத்தார் வாழ்த்துச் சொல்லலாமா என்று கேட்டவர்களுக்கு, 1997இல் அமைக்கப்பட்ட ஐரோப்பிய பத்வா ஆய்வு மன்றம் அந்த வசனத்தைக் காட்டித்தான் ஆகும் என்றது. மார்க்கத்துக்காகப் போரிடாத, ஊரைவிட்டுத் துரத்தாத பிறமதத்தவருடன் நன்மையாகவும் நீதியாகவும் பழகத் தடையில்லை என்பது அதன் சாரம். லண்டனிலும் பாரிஸிலும் அது இலகுவான வசனம். பொஸ்னியாக்காரருக்கு வேறு கதை. எமக்கும் வேறு கதைதான்.

ஏனெனில், அடுத்த வசனமும் இருக்கின்றது. துரத்தியவரையும் துரத்தத் துணை நின்றவரையும் நேசராக்கிக் கொள்வதை அது தடுக்கின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பரந்தன் சந்தியில் தையல் மெஷினோடு பிழைத்த எனது வாப்பாவும் அவர்களுள் ஒருவர். எனக்கு அப்போது பதினொரு வயது.

புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஒன்பதாம் வசனத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டோம். தமிழ்ச் சனம் முழுவதையும் அதற்குள் அடைத்துவிட்டார்கள். வாப்பா மட்டும், "எட்டையும் சேத்து ஓதுங்க மௌலவி" என்பார். பக்கத்து வீட்டு ஆச்சி வழிக்கென்று புட்டுக் கட்டித் தந்ததை அவர் மறக்கவில்லை. ஆச்சியின் மகன் எங்கள் கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டதைப் பிறகு கேள்விப்பட்டார். அதையும் மறக்கவில்லை.

வேலிக்குள் வாய் திறக்காமல் நின்றவர் 'துணை நின்றவர்' ஆவாரா? துவக்கின் முன்னால் மௌனமாக இருந்ததைத் துணை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அக்காலத்தில் எதிர்த்துப் பேசிய தமிழர் என்ன ஆனார்கள் என்பது எமக்குத் தெரியாததல்ல. தகரம் வேறு, அது பயத்தில் செய்த காரியமன்று. ஆனால், அதைச் செய்தவர் ஒருவர். வசனம் ஆட்களைப் பிரிப்பது செயலை வைத்து, மதத்தை வைத்தல்ல. இதை மறுப்பவருக்கு வீரமுனையை நினைவூட்டுவேன். காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டு ஒன்பது நாட்களின் பின், 1990 ஓகஸ்ட் 12இல், அங்கே தமிழ் அகதிகள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் அதில் பங்கிருந்ததாகவே பதிவுகள் சொல்கின்றன. அதற்கு எனது வாப்பா பொறுப்பென்றால், எங்களுக்கு நடந்ததற்கு ஆச்சியும் பொறுப்பாகட்டும்.

2002 ஏப்ரலில் பக்கத்துக் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் ஊடகங்களின் முன்னால் மன்னிப்புக் கேட்டார். தகரம் கழற்றியவர் கேட்கவில்லை. 2009இல் அவரும் குடும்பத்தோடு முல்லைத்தீவு வீதியால் ஓடி, முகாமில் கிடந்து, வெறுங்கையோடு திரும்பியவர். ஆசிரியர் கலாசாலையை முடித்து வேறு ஊர்களில் படிப்பித்த பிறகு, மாற்றம் கிடைத்து நான் இங்கே வந்தபோது, அவருடைய பேரன் எனது வகுப்பில் இருந்தான்.

தைப்பொங்கலன்று அவன் வாழையிலையால் மூடிய பாத்திரத்தோடு வந்தான். நான் தயங்கியதைக் கண்டிருக்க வேண்டும்.

"படைக்க முதல் எடுத்து வச்சது சேர். அப்பப்பா சொல்லச் சொன்னவர்."

வாங்கிச் சாப்பிட்டேன். தகரங்களைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.