நோயாளியின் சொல்

மருத்துவமனைக்குச் செல்பவர் நலம் நாடியே செல்கிறார். ஆங்கே அவருக்குத் தீங்கு நேருமாயின் அதன் வேர் யாது?

தீங்கு இருவகைத்து. மருந்து மாறுதல், அளவு தவறுதல், தூய்மையற்ற கையால் தொற்றுப் பரவுதல் ஆகியவை புலப்படும் தீங்குகள்; ஏட்டில் பதிந்து திருத்தத் தக்கவை. நோயாளியின் சொல்லைப் புறக்கணித்தல் புலப்படாத் தீங்கு. அஃது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆயினும் முன்னதற்குப் பலகாலும் வித்தாவது இதுவே.

பீடோங் வட்டாரத் தோட்டங்களில் ஒருகாலத்தில், ‘டிரசர்’ எனப்பட்ட மருத்துவ உதவியாளரே நோய்க்கு மருந்து தந்தார். நோய்விடுப்பைப் பரிந்துரைத்தவரும் அவரே. காய்ச்சலோடு வந்து நின்ற பால்மரத் தொழிலாளியை வேலைக்கு அஞ்சுபவர் என ஐயுற்றால், ஐயம் தீருமுன் நோய் முற்றிவிடும். அங்கே முதலில் தவறியது செவியே.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளியையே முதற்கண் வைத்தார். உலகச் சுகாதார நிறுவனமும் 2023ஆம் ஆண்டின் நோயாளி பாதுகாப்பு நாளில் நோயாளியின் குரலையே முன்னிறுத்தியது.

2001இல் தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று பீடோங்கில் மருத்துவர்களை உருவாக்குகிறது. அம்மாணவர் பயிலும் முதற்கருவி செவியாகுக! பிழை நேர்ந்தால் மறைக்காது உரைக்கும் நாவும் உடன் வளர்க! மறைத்த பிழை அடுத்த நோயாளிக்காகக் காத்திருக்கும்.